இடத்து மாடு

வாதம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து வீட்டுக்கு வந்த பிறகு தர்மராஜின் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. அது ‘முருகா’ என்று இருந்திருந்தால் திருப்போரூர்க்காரர்கள் அவரைத் தேடி வந்து திருநீறு வாங்கியிருப்பார்கள். ‘அம்மா’ என்று இருந்திருந்தால் தெருவே கண்ணைத் துடைத்திருக்கும். வந்ததோ ‘பேமானி’.

தண்ணீர் வேண்டுமா, பேமானி. மின்விசிறியை நிறுத்த வேண்டுமா, பேமானி. வசந்தா சோற்றுத் தட்டோடு உள்ளே வந்தால், முகம் மலர்ந்து, அன்பு ஒழுக ஒழுக, ஒரு பேமானி.

அந்த மனுஷர் அதற்கு முன்னால் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. உழுகிற மாடு வரப்பில் ஏறிப் பயிரை மேய்ந்தால்கூட “டேய் கண்ணு, இன்னாடா இது” என்று கெஞ்சுகிற ஆள். வரப்புத் தகராறில் எதிராளி தாய் தகப்பனை இழுத்துப் பேசினாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர் வாயில் இந்த வார்த்தை எந்தப் பொந்தில் ஒளிந்திருந்ததோ, மற்ற வார்த்தைகள் எல்லாம் போன பிறகு இது மட்டும் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.

பக்கத்து வீட்டு முனியம்மா விசாரிக்க வந்தாள். “எப்டி கீறே அண்ணாத்த?”

“பேமானி.”

“ஆமா, பேமானிதான். ஆஸ்பத்திரில வந்து எட்டிப் பாக்கல இல்ல, நல்லா சொல்லு” என்று முனியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தர்மராஜும் கோணிய வாயால் சிரித்தார். வசந்தாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போனபோது குழாயடியில் நாலு பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அவள் குடத்தைப் பாதி நிரம்பியதோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் ஹம்சினி. சின்ன வயசு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் பழங்கள். வாழைப்பழத்தைக் காட்டினாள். தர்மராஜ் அதை வெகு நேரம் பார்த்தார். நெற்றி நரம்பு புடைக்க ஒரு முயற்சி செய்தார். வந்தது அதேதான். வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க ஏம்மா குனியறீங்க? அவர் உங்களையும் திட்டலை, என்னையும் திட்டலை” என்றாள் ஹம்சினி. “மூளையில ரெண்டு பக்கமும் ஒரே வேலை பார்க்கிறதில்லை. பேச்சு, பெரும்பாலான பேருக்கு இடது பக்கம். வலது கையை ஆட்டுறதும் அந்தப் பக்கம்தான். அங்க ரத்தம் அடைச்சதால ரெண்டும் சேர்ந்து போயிடுச்சு. ஆனா திட்டுறது, பாடுறது, வாய்க்குப் பழகிப் பழகித் தானா வர்றது, இதெல்லாம் வேற வழியா வரும். பெரிய வாசல் இடிஞ்சு போச்சு, கொல்லைக் கதவு திறந்திருக்குன்னு வச்சுக்கோங்க.”

“பாட்டெல்லாம் பாட மாட்டாரும்மா.”

“வேற எதுல பழக்கம்? தினம் வாய் விட்டுப் பேசினது எதுகிட்ட?”

வசந்தா தயங்கினாள். சொல்ல வெட்கமாக இருந்தது. “மாட்டுகிட்டதான்” என்றாள்.

“அப்போ மாட்டுகிட்டயே தினமும் கூட்டிட்டுப் போங்க. இன்னொண்ணு, ஊட்டி விடாதீங்க. இடது கையால அவரே சாப்பிடட்டும்.”

“எடது கையாலயா?”

அவள் கேட்ட விதத்தில் ஹம்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்மா, கிளி ஒத்தக் காலால பழத்தைப் பிடிச்சுத் தின்னும், பார்த்திருக்கீங்களா? நிறைய கிளிக்கு அது இடது கால்தான். நாய், பூனைக்குக்கூட ஒரு பக்கம் வசதின்னு இருக்கு. கைக்கு என்னம்மா தெரியும், நல்லது கெட்டது?”

வசந்தா தலையாட்டினாள். நன்றாகவே ஆட்டினாள். ஆனால் ஊருக்கு வந்து செய்தது வேறு. சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, கரண்டியால் ஊட்டினாள். தர்மராஜின் இடது கை ஆசையோடு தட்டுப் பக்கம் வரும். அவள் அதன் புறங்கையில் சட்டென்று ஒரு தட்டு தட்டுவாள். ஈ ஓட்டுகிற மாதிரி. வலிக்கிற அடி இல்லை. கை திரும்பிப் போய் மடியில் படுத்துக்கொள்ளும். மாட்டுக் கொட்டாய்க்கும் அவரைக் கூட்டிப் போகவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் இருந்த சந்து வழியாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டும். காலை இழுத்து இழுத்து அவர் நடப்பதைத் தெரு பார்க்கும். ‘கொஞ்சம் தேறட்டும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கொட்டாயில் இருந்தது ஒரே ஒரு மாடு. அதன் பெயர் இடத்தான்.

ஏரில் பூட்டுகிற மாடுகளில் ஒன்று நுகத்தடியின் இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு. பழகிவிட்டால் அந்தப் பக்கம்தான் அதற்கு உலகம். மாற்றிக் கட்டினால் ஒன்று படுத்துவிடும், இல்லை வட்டம் சுற்றும். முன்பு ஒருமுறை தர்மராஜின் வலத்து மாடு நோய் கண்டு செத்துப்போனது. மிச்சமிருந்தது இடத்தான். சந்தையில் மலிவாகக் கிடைத்ததெல்லாம் இடத்து மாடாகவே இருந்தது. தரகன் சொன்னான், “அத்த வலத்துல கட்டு தலைவரே. நாலு அடி குடுத்தா கத்துக்கும்.” தர்மராஜ், “கத்துக்கும். அது இன்னா தப்பு பண்ணுச்சுன்னு அடி வாங்கணும்?” என்று கேட்டுவிட்டு, செய்யூர்ப் பக்கமெல்லாம் ஊர் ஊராகச் சுற்றி ஒரு வலத்து மாட்டைத் தேடிப் பிடித்துத்தான் வந்தார். அதுவரை நிலம் காய்ந்து கிடந்தது. வசந்தா அன்றைக்குத் திட்டாத திட்டில்லை. “மாட்டுக்கு மாப்பிள்ளை பாக்கறாராம்” என்று கொழுந்தனிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த வலத்தானும் கிழமாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. சுற்றிலும் வயல்கள் மஞ்சள் கல் நட்ட பிளாட்டுகளாகிவிட்டன. உழவே இல்லாத இடத்தான், பழக்க தோஷத்தால், கொட்டாயின் இடது மூலையில்தான் இன்னும் படுக்கும்.

இப்படி இருக்கையில்தான் மகள் பூங்கொடிக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

பூங்கொடி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். ஒரே கம்பெனி பஸ்ஸில் பழக்கமான பையன் ஜெயக்குமார். புதுப்பட்டினம். அப்பா ரமேஷ் அங்கே மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார், அம்மா ரேணுகா. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தர்மராஜ் ஆஸ்பத்திரியில் இருந்தார். “லேசா வாதம். தேறிக்கினு வர்றாரு” என்று வசந்தா சொன்னதை அவர்கள் அப்படியே நம்பிக்கொண்டார்கள். நிச்சயதார்த்தத்தைப் பெண் வீட்டிலேயே வைப்பதென்று பேச்சாயிற்று. பெண்ணின் தகப்பன் தாம்பூலத் தட்டைக் கொடுக்க, பிள்ளையின் தகப்பன் வாங்க, சபை பார்க்கத் தட்டு மாற்ற வேண்டும். அதுதான் சடங்கு.

தர்மராஜின் தம்பி கலையரசன் பிளாட் புரோக்கர். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். ஒரு நாள் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டான்.

“தப்பா நெனச்சிக்காத அண்ணி. சபையில அண்ணாத்த வாயத் தொறந்தாருன்னு வையி, மானம் கப்பலேறிடும். சம்மந்தியப் பாத்து அந்த வார்த்த சொன்னா அவன் இன்னா நெனப்பான்? அதுவும் எடது கையால தட்டு குடுத்தா? கழுவுற கையால பொண்ணு குடுக்கறான்னு சிரிக்க மாட்டான்?”

“அதுக்கு இன்னா பண்ண சொல்ற?”

“தட்ட நான் குடுக்கறேன். சித்தப்பன்தானே. அண்ணாத்த செய்யூர்ல அக்கா வூட்ல வைத்தியம் பாத்துகினு கீறாருன்னு சொல்லிடு. பேஜாரே இல்ல.”

உண்மையைச் சொல்லிவிடுவோம். அந்த நினைப்பு முதலில் வசந்தாவுக்குத்தான் வந்தது. குழாயடியில் குடம் பாதி நிரம்பிய அன்றைக்கே வந்தது. கொழுந்தன் வாயால் அதைக் கேட்டதும், இது கொழுந்தன் யோசனை என்று வைத்துக்கொள்ள வசதியாகப் போயிற்று. மனசு செய்கிற வேலை அப்படி. தனக்கு வேண்டாத குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும்.

மகளிடமும் போனில் அதையே சொன்னாள். “உங்க நைனாவே வாணாம்னுட்டாரு பூங்கொடி. கூட்டத்துல அவருக்குக் கூச்சமா கீதாம். அத்த வூட்டுக்குப் போயிட்டாரு.”

 “அவரே சொன்னாராம்மா?” என்றாள் பூங்கொடி.

“சொல்லாமயா? கைய ஆட்டி ஆட்டி சொன்னாரு.”

நிச்சயதார்த்தத்து அன்று காலை, பூங்கொடி வந்து சேருவதற்கு முன்னால், வசந்தா புருஷனைக் குளிப்பாட்டினாள். அலமாரியைத் திறந்து பழைய கைலி ஒன்றை எடுத்தாள். தர்மராஜ் இடது கையை நீட்டி, மேல் தட்டில் இருந்த புது வேட்டி துண்டைக் காட்டினார். மகளின் நிச்சயத்துக்கென்று கடையில் எடுத்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாய்தான் போயிருந்தது, காது போகவில்லையே. மறுக்க வாய் வராமல் வசந்தா அதையே கட்டிவிட்டாள். துண்டை அவரே, ஒற்றைக் கையால், தோளில் போட்டுச் சரி செய்துகொண்டார். கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள். சுற்றிக்கொண்டு பந்தலுக்குப் போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, காலை இழுத்து இழுத்து உற்சாகமாகத்தான் நடந்தார். வைக்கோல் போரைத் தாண்டியதும் மாட்டுக் கொட்டாய். உள்ளே இடத்தான் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தாள். தண்ணீர்ச் செம்பும் வைத்திருந்தாள்.

“இங்க குந்திக்கோய்யா. காத்தாட கீது. எல்லாம் முடிஞ்சதும் வந்து இட்டுகினு போறேன்.”

அவர் அவளைப் பார்த்தார். பந்தல் பக்கம் பார்த்தார். “பேமானி?” என்று மெதுவாகக் கேட்டார்.

“முனியம்மா பாத்துக்குவா. தோ வந்துடுவா.”

அவர் ஒன்றும் செய்யவில்லை. முரண்டு பிடித்திருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோளில் இருந்த துண்டை இடது கையால் எடுத்தார். மடித்துக் கட்டிலில் வைத்தார். பிறகு உட்கார்ந்தார். வசந்தா மூங்கில் படலை இழுத்துச் சாத்தினாள். மாடு வெளியே வந்துவிடக் கூடாதே என்று கயிற்றால் ஒரு முடிச்சும் போட்டாள். மாட்டுக்காகத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

புதுப்பட்டினத்து வேன் மாமல்லபுரம் வழியாக வந்து சேர்ந்தது. பூ, பழம், இனிப்பு என்று வரிசைத் தட்டுகள் இறங்கின. பூங்கொடி அரக்கு நிறப் பட்டில் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரன் அவளைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். ரமேஷ் வெயிலில் கறுத்த, சத்தமாகப் பேசுகிற மனுஷர். வந்ததும் வராததுமாகக் கேட்டார், “எங்க சம்மந்தி? இன்னிக்காவது கண்ணுல காட்டுவீங்களா, மாட்டீங்களா?”

“செய்யூர்ல கீறாரு” என்றாள் வசந்தா. “நாட்டு வைத்தியம். பத்தியம். எழுந்து வரக் கூடாதுன்னுட்டாரு வைத்தியரு.”

“அய்ய, சொல்லியிருந்தா போற வழியில நாங்க தூக்கிப் போட்டுகினு வந்திருப்போமே” என்றாள் ரேணுகா.

செய்யூர் தெற்கே இருக்கிறது, இவர்கள் வந்தது வடக்கு நோக்கி, வழியிலும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாள் மனசாரத்தான் சொன்னாள். பூங்கொடி அம்மாவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். வசந்தா வெற்றிலையை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

கலையரசன் தட்டைக் கையில் எடுத்தான். அவன்தான் ஆசைப்பட்டு ‘டிரோன்’ கேமராவுக்கும் சொல்லி வைத்திருந்தான். வானத்தில் பறந்து படம் எடுக்கிற அந்தப் பூச்சி ‘ங்ஙொய்’ என்று எழும்பியது. சாமியானாவைச் சுற்றியது. சிறுசுகள் எல்லாம் கையாட்டின. வீட்டைக் காட்டுகிறேன், கொல்லையைக் காட்டுகிறேன் என்று போட்டோக்காரன் அதை வைக்கோல் போருக்கு மேலே தள்ளினான்.

அடுத்த நிமிஷம் கொல்லையில் மாடு அலறியது. மூங்கில் படல் அதிர்கிற சத்தம். செம்பு உருண்டது. அதற்கு மேலே ஒரு குரல் எழுந்தது.

“ஏய் இடத்தான்! நில்லு! நில்லுடா கண்ணு! ஓ… ஓ… ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லடா. நைனா கீறேன் இல்ல? பயப்படாத. தண்ணி காட்டறேன் வா.”

பந்தல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யார் குரல் என்று புதுப்பட்டினத்துக்காரர்களுக்குத் தெரியாது. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது. காவலுக்கு இருக்க வேண்டிய முனியம்மா, வரிசைத் தட்டைப் பார்க்க வந்தவள், வாயில் கையை வைத்துக்கொண்டு “அய்யய்யோ, அண்ணாத்த பேசுது!” என்று கத்தியேவிட்டாள்.

பூங்கொடி மாலையோடு எழுந்து ஓடினாள். பட்டுப் புடவை வைக்கோலில் இழுபட்டது. அவள் பின்னால் ஜெயக்குமார், ரமேஷ், ரேணுகா, எல்லாருக்கும் பின்னால் வசந்தா. காலில் மண் ஒட்டிக்கொண்ட மாதிரி வந்தாள்.

படல் சாத்தியிருந்தது. பூங்கொடி தள்ளினாள், திறக்கவில்லை. அப்புறம்தான் கயிற்றைப் பார்த்தாள். முடிச்சு வெளிப்பக்கம் இருந்தது.

முடிச்சு இறுகிக் கிடந்ததால் அவிழ்க்க நேரமானது. அவ்வளவு நேரமும் எல்லாரும் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீக்கிரம் அவிழ்ந்துவிடக் கூடாதா என்று வசந்தாவுக்கு இருந்தது. அவிழவே கூடாதே என்றும் இருந்தது. முடிச்சு எப்படிப் போட்டது என்று அவள் கைக்குத்தான் தெரியும். அவள் கை முந்தானைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

படல் திறந்தது. உள்ளே முளைக்குச்சி பிடுங்கிக் கிடந்தது. தர்மராஜ் இடது கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தார். வலது கை ஈரத் துணி போலத் தொங்கியது. இவ்வளவு பெரிய இடத்தான் தலையை அவர் நெஞ்சில் வைத்துப் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புது வேட்டியெல்லாம் சாணம்.

“நைனா” என்றாள் பூங்கொடி.

மனுஷர்களைப் பார்த்ததும் அவருடைய வார்த்தைகள் எல்லாம் வந்த வழியே போய்விட்டன. உதட்டை அசைத்தார், நெற்றி சுருங்கியது. “பேமானி” என்றார் மகளிடம். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

பூங்கொடி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“எம்மா, செய்யூரு எப்போ நம்ம கொட்டாய்க்குள்ள வந்துச்சு?”

வசந்தாவுக்குப் பேச்சு வரவில்லை. நாக்கு இருந்தது, வலது இடது இரண்டு பக்கமும் நன்றாக இருந்தது, ஒரு வார்த்தை அகப்படவில்லை. ஹம்சினி சொன்னது ஞாபகம் வந்தது. மாட்டிடம் தினமும் கூட்டிப் போங்கள். தினமும் கூட்டி வந்திருந்தால் இந்த வார்த்தைகள் என்றைக்கோ வந்திருக்கும். அவள் அவரை இங்கே கொண்டு வந்தாள்தான். ஒளித்து வைக்கக் கொண்டு வந்தாள்.

“வாதம்னு சொன்னீங்க” என்றாள் ரேணுகா. “வாதம் யாருக்கும் வரும். கட்டிப் போட்டு வச்சிக்கீறோம்னு சொல்லலியே சம்மந்தி.”

“கட்டிப் போடல… மாட்டுக்குத்தான்…” என்று ஆரம்பித்த வசந்தா அதை முடிக்கவில்லை.

கலையரசன் முன்னால் வந்தான். “அது வந்து அண்ணாத்தைக்கு வாய் சரியில்ல. யாரப் பாத்தாலும் ஒரு மாதிரி வார்த்த வரும். கையும் எடதுதான். சபைக்கு ஆகாதுன்னுதான்…”

ரமேஷ் அவனை விலக்கிக்கொண்டு சாணத்தை மிதித்தபடியே உள்ளே போனார். “வணக்கம் சம்மந்தி. நான் ஜெயக்குமாரு அப்பன்.”

தர்மராஜ் அவரை நன்றாகப் பார்த்தார். இடது கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனார். மரியாதையாக, தெளிவாக, “பேமானி” என்றார்.

 ரமேஷ் சத்தமாகச் சிரித்தார். “கரீட்டு! மார்க்கெட்ல எட போட்டுப் பாத்துட்டு எல்லாரும் என்ன அப்படித்தான் கூப்பிடறான். உங்களுக்கு எப்படி சம்மந்தி அதுக்குள்ள தெரிஞ்சுது?” அப்புறம் கலையரசன் பக்கம் திரும்பினார். “எடது கை, எடது கைன்னு இன்னாய்யா? எங்க ஊரு கழிமொகத்துல சின்ன சின்ன நண்டு ஓடும், பாத்துக்கீறியா? ஒத்தக் கொடுக்கு பெருசா கீது. ஒண்ணுக்கு எடப்பக்கம், ஒண்ணுக்கு வலப்பக்கம். அதுங்க பொண்ணு கட்டாமயா கீதுங்க? தட்ட அவர் குடுத்தாதான் நான் வாங்குவேன்.”

ரேணுகா சிரிக்கவில்லை. அவள் இன்னும் கீழே கிடந்த கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரமேஷ் திட்டியிருக்கலாம். வேனைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் ‘அவங்க சரியில்ல’ என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். அந்த வழியையும் அவர் சிரித்து அடைத்துவிட்டார். வசந்தா எந்தச் சபைக்குப் பயந்து புருஷனை ஒளித்து வைத்தாளோ, அந்தச் சபையே இப்போது அவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனது. கட்டிலில் மடித்து வைத்திருந்த துண்டை ஜெயக்குமார் எடுத்து உதறி, அவர் தோளில் போட்டான். அவள் ஒருத்திதான் கொட்டாயில் நின்றாள். இடத்தான் அவளைப் பார்த்தது. அதன் பார்வையைக்கூட அவளால் தாங்க முடியவில்லை.

பந்தலில் தர்மராஜ் தட்டை இடது கையால் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தட்டு சாய்ந்தது. தேங்காய் விளிம்புக்கு உருண்டது. பூங்கொடி எழுந்திருக்கப் பார்த்தாள், மணையை விட்டு எழக் கூடாதென்று யாரோ அமுக்கினார்கள். அப்போதுதான் வசந்தா வந்தாள். யாரையும் பார்க்காமல் அவருடைய வலப்பக்கம் போய் நின்று, தட்டின் விளிம்புக்குக் கீழே கையைக் கொடுத்தாள். அவர் தள்ளவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ரமேஷ் வாங்கிக்கொண்டார். கெட்டி மேளம் கொட்டியது.

பிறகு பந்தி. தலைவாழை இலை போட்டு, சம்பந்திக்குப் பக்கத்தில் தர்மராஜை உட்கார வைத்தார்கள். அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. இடது கை மடியிலிருந்து எழுந்தது, இலைக்கு அருகே போயிற்று, அங்கேயே நின்றது. நின்று, எதையோ எதிர்பார்த்தது.

அந்தக் கை எதற்காகக் காத்திருக்கிறது என்று வசந்தாவுக்கு மட்டுந்தான் தெரியும். புறங்கையில் விழப்போகிற தட்டுக்காக.

அவள் கையில் சாம்பார் வாளி இருந்தது. அதை முனியம்மாவிடம் கொடுத்தாள். அவருக்கு வலப்பக்கம் காலியாக இருந்த இலையில், நாலு பேர் பார்க்க, பெண் வீட்டுக்காரி பரிமாறாமல் உட்கார்ந்தாளே என்று பேசினால் பேசட்டும் என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வலது கையை மடியில் புதைத்துக்கொண்டு, இடது கையைச் சோற்றில் வைத்தாள்.

பந்தியில் சலசலப்பு எழுந்தது. எதிர் வரிசையில் ரேணுகா கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தாள். வசந்தா பிசைந்தாள். பழகாத கை, சாம்பார் முழங்கை வரைக்கும் வழிந்து புடவையில் சொட்டியது. எடுத்த சோறு பாதி இலையிலும் பாதி மடியிலும் விழுந்தது. பார்க்கட்டும் என்று நினைத்தாள். எல்லாரும் பார்க்கட்டும், எனக்கு இது வேண்டும். காதெல்லாம் எரிந்தது. இன்னொரு கவளம் எடுத்தாள். அதுவும் சிந்தியது.

தர்மராஜ் திரும்பினார். காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றி சுருங்கிற்று. ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது, வாயைத் திறக்கவில்லை.

உடம்பை முழுக்கத் திருப்பி இடது கையை நீட்டி, அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார். அவள் தட்டிய மாதிரி தட்டவில்லை. பிடித்து, இலையிலிருந்து மெதுவாகத் தூக்கி, தோளில் கிடந்த புதுத் துண்டால் துடைத்தார். அதை அவள் மடியில் வைத்தார். மடிக்குள் ஒளிந்திருந்த வலது கையைத் தேடி எடுத்தார். நுகத்தடிக்கு மாட்டைக் கொண்டுவருகிற நிதானத்தோடு அதைக் கொண்டுவந்து, அவள் இலையில், சோற்றின்மேல் வைத்தார்.

வைத்துவிட்டுத் தன் இலைக்குத் திரும்பினார். இடது கையால் சோற்றைப் பிசைந்து, சிந்தச் சிந்த, ஒரு கவளம் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

 வசந்தாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மணையில் இருந்த பூங்கொடி இன்னும் அம்மா பக்கம் திரும்பவில்லை. என்றைக்குத் திரும்புவாள் என்றும் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் அந்த மனுஷர் வாயில் போட்டதை மெல்லாமல் நிறுத்திக்கொண்டு, அவள் கையையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். இணை மாடு அடி எடுத்து வைக்கிறவரைக்கும் இடத்தான் அப்படித்தான் நிற்கும்.

அவள் தலையைத் தூக்காமல் வலது கையால் பிசைந்து உண்ண ஆரம்பித்தாள். அப்புறம்தான் அவர் மென்றார்.